கூரையான இறக்கை

எட்டாம் வகுப்பில் விசை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "பழைய விமானத்தை என்ன சார் செய்வாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுடைய அப்பா காயலாங்கடை வைத்திருக்கிறார். வகுப்பு சிரித்தது, அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் அந்தக் கேள்விக்காகவே சில படங்களை எடுத்துச் சென்றேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாலிபு பகுதி மலைச்சரிவில் ஒரு வீடு இருக்கிறது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் டேவிட் ஹெர்ட்ஸ். பறப்பதை நிறுத்திவிட்ட போயிங் 747 விமானத்தின் இறக்கைகள்தாம் அதன் கூரை.

இறக்கை எப்படிக் கூரையாகும்? ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்து நீட்டச் சொன்னேன், தாள் தொங்கியது. அதையே விசிறிபோல மடித்து நீட்டச் சொன்னேன், நிமிர்ந்து நின்றது. பொருள் ஒன்றுதான், வடிவம் வலிமை தருகிறது. இறக்கையின் மெல்லிய அலுமினியக் கலவைத் தகட்டுக்குள்ளும் நீளவாட்டில் உத்திரங்களும் குறுக்கே விலா எலும்புகள் போன்ற சட்டங்களும் உள்ளன. 350 டன்னுக்கும் மேற்பட்ட எடையுடன் மேலெழும் விமானத்தைத் தாங்கிய அமைப்பு அது. சில தாங்கிகள் மட்டும் இருந்தால் கூரையாக நிற்பது அதற்குப் பெரிய வேலையல்ல.

பழைய அலுமினியத்தை உருக்கியும் பயன்படுத்தலாம். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே அதற்குப் போதும். வடிவம் மாறாமல் பயன்படுத்தினால் அந்த உருக்கும் செலவும் இல்லை.

இறக்கைகளை வெட்டி, சாலைகளை மூடி லாரியில் கொண்டுவந்து, ஹெலிகாப்டரில் மலைக்குத் தூக்கினார்கள் என்றும் சொன்னேன். உடனே அதே மாணவன், "அப்போ வண்டிக்கூலி, சார்? எங்கப்பா முதல்ல அதைத்தான் கணக்குப் பார்ப்பாரு" என்றான்.

நான் யோசிக்காத கோணம் அது. மறுபயன்பாட்டில் மிச்சமாகும் ஆற்றலைச் சொன்ன நான், கொண்டுவரச் செலவாகும் எரிபொருளைக் கழிக்க மறந்திருந்தேன். பழைய பொருள் அருகில் கிடைத்தால் லாபம் அதிகம். தொலைவு கூடக்கூட லாபம் குறையும். அன்றைய பாடத்தின் முடிவுரையை அவனே கரும்பலகையில் எழுதினான்.

அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு காந்தம் கொண்டுவந்து, இரும்பையும் அலுமினியத்தையும் எப்படிப் பிரிப்பது என்று செய்துகாட்டினான். அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. காந்தத்தைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.