மறைந்த நிரைகளும் நகலாகும்

கணிப்பொறித் திரையில் ஓர் அட்டவணை. பெயர், முகவரி, மதிப்பெண் எனச் சில நிரல்கள். மாணவர் ஒருவருக்கு ஒரு நிரை. வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்துகிறீர்கள். எது நகலாகிறது? "தேர்ந்தெடுத்ததுதான்!" என்பீர்கள். எப்போதும் அப்படி இல்லை.

நகலெடுத்தது முதலில் 'கிளிப்போர்டு' என்னும் தற்காலிக இடத்தில் போய்த் தங்குகிறது. அங்கே அது பெரும்பாலும் பல வடிவங்களில் இருக்கும். ஒரே செய்தியை இரண்டு மொழிகளில் எழுதி ஓர் உறையில் இடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பெறுபவர் தமக்குப் புரிவதை எடுத்துக்கொள்வார். அதுபோலவே, ஒட்டப்படும் புரோகிராம் தனக்கேற்ற வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றுள் மிக எளியது வெறும் எழுத்து வடிவம். அதில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே ஒரு 'டேப்' குறி, நிரையின் முடிவில் ஒரு வரிமுறிவு, அவ்வளவே. ஒரு கட்டத்திலுள்ள முகவரி மூன்று வரிகளாக இருந்தால் என்ன ஆகும்? புரோகிராம் எழுதியவர் அதற்கு வழிசெய்யவில்லையென்றால், ஒரு மாணவர் மூன்று நிரைகளாகச் சிதறிவிடுவார்!

அட்டவணையைத் திரையில் காட்டுவதற்கு ஆயத்தக் கருவிகள் உண்டு. ஆனால் அவற்றின் இயல்பு ஒன்றுபோல் இல்லை. ஜாவாவின் 'ஜேடேபிள்' கருவியில், மாற்றம் எதுவும் செய்யாவிட்டால், ஒரு கட்டத்தைத் தொட்டாலே நிரை முழுவதும் தேர்வாகும். நகலெடுத்தாலும் முழு நிரையே வரும். 'க்யூட்டி' கருவியிலோ பத்துக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தாலும், நடப்பிலுள்ள ஒரு கட்டத்தின் எழுத்து மட்டுமே கிடைக்கும். டாட்நெட்டின் 'டேட்டாகிரிட்வியூ' நான்கு வழிகளைத் தருகிறது: நகலே கூடாது, தலைப்பின்றி நகல், எப்போதும் தலைப்போடு நகல், தேர்ந்தெடுத்த முறையைப் பொறுத்துத் தலைப்பு. எது பொருந்தும் என்பதைப் பயன்படுத்துவோரிடம் கேட்டு முடிவு செய்வதே முறை. பலர் கேட்பதில்லை.

இதெல்லாம் சிறு தொல்லைதானே என்று எண்ணவேண்டாம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானபோது, அதன் சொத்துகளில் ஒரு பகுதியை பார்க்லேஸ் வங்கி வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்பது என்ற பட்டியல் ஓர் எக்செல் அட்டவணையில் இருந்தது. வேண்டாதவற்றை நீக்காமல், நிரைகளை மறைத்துமட்டும் வைத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்காகப் பட்டியலை வேறு வடிவத்துக்கு மாற்றுகையில் மறைந்திருந்தவை வெளிவந்தன. வேண்டாத 179 ஒப்பந்தங்கள் சேர்ந்துவிட்டன! பிழையைத் திருத்தக் கோரி அக்டோபரில் மறுபடியும் நீதிமன்றம் போகவேண்டியதாயிற்று.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு அல்லவா? எக்செலில் வடிகட்டி மறைத்த நிரைகள் நகலில் வருவதில்லை. ஆனால் கையால் மறைத்தவை வந்துவிடுகின்றன. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றுவதுதான் தொல்லை. தேர்ந்தெடுத்தபின் ஆல்ட் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். அதன்பின் நகலெடுக்கலாம்.

இன்னும் ஐயமா? நகலெடுத்ததை நோட்பேடு போன்ற வெறும் எழுத்துப் பக்கத்தில் முதலில் ஒட்டி, வரிகளை எண்ணிப் பாருங்கள். திரையில் 12 நிரைகள் இருக்க, அங்கே 15 வரிகள் வந்தால், அனுப்பும் முன் கட்டங்களுக்குள் வரிமுறிவு இருக்கிறதா, நிரை எதுவும் மறைந்திருக்கிறதா என்று தேடவேண்டும்.