குண்டு பாயும் இடத்தில் டாக்டர்

போலீஸ், தீயணைப்புப் படை, மருத்துவர் ஆகிய மூவரும் முன்கூட்டியே கைகோர்த்திருந்தால்தான் தாக்குதலில் காயமடைந்தவர் பிழைக்கிறார்.

2015 நவம்பர் 13 காலை. பாரிஸின் அவசர மருத்துவ சேவையான 'சாமு'வும் தீயணைப்புப் படையும் ஓர் ஒத்திகையில் ஈடுபட்டிருந்தன. நகரில் பலர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்பதுதான் ஒத்திகையின் கரு. அன்று இரவே அது நிஜமானது. விளையாட்டு அரங்கம், உணவு விடுதிகள், பத்தக்லான் இசை அரங்கம் என்று அடுத்தடுத்துத் தாக்குதல். 130 பேர் பலியானார்கள். ஆனால் அந்தப் பயங்கரத்திற்குள் இன்னொரு கணக்கும் உண்டு. மருத்துவமனைகளை அடைந்த 302 பேரில் இறந்தவர்கள் 4 பேர்தான்.

அதிரடிப் படைகளான 'ரெய்டு', 'பிஆர்ஐ' இரண்டிலும் டாக்டர்கள் உண்டு. கமாண்டோக்களுடன் அவர்களும் பத்தக்லானுக்குள் நுழைந்தார்கள். மாடியில் தீவிரவாதிகள் பிணைக்கைதிகளுடன் இருந்தபோதே, கீழே காயமடைந்தவர்களைப் பிரித்தெடுத்து வெளியே அனுப்பும் வேலை நடந்தது. வெளியே காத்திருந்த குழுக்கள் ரத்தப் போக்கை நிறுத்தி, நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பின. கை, கால்களில் ரத்தத்தை நிறுத்தும் 'டூர்னிக்கே' எனப்படும் இறுக்குப் பட்டைகளுக்குக் கடும் தட்டுப்பாடு. பல மருத்துவக் குழுவினர் இடுப்பு பெல்ட்டையே கழற்றிக் கட்டிவிட்டு, பெல்ட் இல்லாமல் திரும்பினார்கள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 'முதலில் பாதுகாப்பு, பிறகு சிகிச்சை' என்பதுதான் உலகெங்கும் பழைய விதி. போலீஸ் இடத்தை முழுமையாகக் கைப்பற்றும் வரை ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்கும். அதற்குக் கொடுத்த விலையை அமெரிக்கா 1999இல் கொலம்பைன் பள்ளியில் பார்த்தது. குண்டடிபட்ட ஓர் ஆசிரியர் மாணவர்களின் பராமரிப்பில் மணிக்கணக்கில் உயிரோடு இருந்தார். உள்ளே ஒருவர் ரத்தம் வடிந்து சாகிறார் என்று ஜன்னலில் எழுதியும் வைத்தார்கள். உதவி வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது.

மாற்று வழி ராணுவத்திடமிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' கமாண்டோவாக இருந்து கண் அறுவை நிபுணரான ஃபிராங்க் பட்லர், சகாக்களுடன் 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மருத்துவமனையில் சரியான சிகிச்சை, சண்டைக் களத்தில் தவறாகலாம் என்பதுதான் அதன் சாரம். சுடப்படும்போது எதிரியை அடக்கு, பட்டையை இறுக்கு; மறைவிடம் கிடைத்ததும் மூச்சையும் மற்ற காயங்களையும் கவனி; பிறகு வெளியேற்று. இதன் வழியில் ஒவ்வொரு வீரனுக்கும் முதலுதவி கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் 'ரேஞ்சர்' படைப்பிரிவு. 2001 முதல் 2010 வரை அதில் 32 பேர் உயிரிழந்தனர். மருத்துவமனைக்கு வருமுன் தடுத்திருக்கக்கூடிய மரணம் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

2011இல் இதைப் பொதுமக்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுத மருத்துவர்களும் தீயணைப்பு வீரர்களும் காவல் துறையினரும் சேர்ந்த குழு அமைந்தது. குழந்தைகளும் முதியவர்களும் நிறைந்த கடைத்தெரு, போர்க்களம் அல்லவே. விர்ஜினியாவின் ஆர்லிங்டன் தீயணைப்புத் துறை, ஆயுதம் தாங்கிய போலீஸாரின் காவலில் மருத்துவ உதவியாளர்கள் உள்ளே செல்லும் முறையை வகுத்தது.

சிக்கல் துணிச்சலில் இல்லை, தொழில் பழக்கங்களில் இருக்கிறது. டாக்டரைப் பாதுகாப்பதே கூடுதல் சுமை என்று போலீஸ் நினைக்கும். ஒரு நோயாளியிடமே நின்றுவிட டாக்டருக்கு மனம் துடிக்கும். வார்த்தைகளே வேறு. 'சிவப்பு' என்றால் போலீஸாருக்குக் குண்டு பாயும் பகுதி. டாக்டருக்கோ உடனே கவனிக்க வேண்டிய நோயாளி. ஆகவே எப்போது நகர்வது என்பதைப் படைத் தலைவர் முடிவு செய்கிறார். யாரை முதலில் தூக்குவது என்பதை டாக்டர். இந்த எல்லையைக் களத்தில் நின்று விவாதிக்க முடியாது.

இந்தியாவுக்கு இது அந்நிய விவகாரம் அல்ல. 2008 நவம்பர் 26இல் தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் மாண்டார்கள். காமா மருத்துவமனையே தாக்குதலுக்கு இலக்கானது. அங்கே நர்ஸ் அஞ்சலி குல்தே கர்ப்பிணிகளைச் சிறிய அறைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். மகாராஷ்டிராவில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்ததோ 2014இல்தான். தாக்குதலுக்குப் பிறகு, 2009இல் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தாவில் தேசிய பாதுகாப்புப் படையின் மையங்கள் திறக்கப்பட்டன. 2021இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கு 'ரக்ஷிதா' என்ற பைக் ஆம்புலன்ஸ்கள் வந்தன. ஆம்புலன்ஸ் நுழைய முடியாத காட்டுப் பாதைகளுக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கியவை அவை.

கமாண்டோ மையமும் வாகனமும் தேவைதான். ஆனால் ஒரு நகரம் தயாரா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். முதலில் போய்ச் சேரும் கான்ஸ்டபிளின் இடுப்பில் இறுக்குப் பட்டை இருக்கிறதா? அதைக் கட்ட அவருக்குத் தெரியுமா? அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவரும் போலீஸ் கமிஷனரும் ஒரே ஒத்திகையில் கடைசியாகச் சந்தித்தது எப்போது? பெரிய ரத்தக் குழாய் அறுந்தவர் சில நிமிடங்களில் இறந்துவிடுவார். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்ள அந்த நிமிடங்கள் போதாது.