ஒரு கரண்டிக்குள் அடங்கும் பசி

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துப் பத்திரிகை வராத வீடு இருக்காது. கந்தர்வக்கோட்டையிலிருந்து நாங்களும் போவோம். இலை நிறையக் கறிச்சோறு. போதும் என்று கையை மறித்தாலும் ஒரு கரண்டி விழும். போன ஆடியில் அந்தப் பந்தியில் என் அத்தாச்சி நாலு துண்டுக் கறியைப் பொறுமையாக மென்று, சோற்றில் இரண்டு வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டார். "என்ன அத்தாச்சி, எங்க மேல கோவமா?" என்றார் பரிமாறியவர். கோபமில்லை. உடல் எடைக்காக அவர் இரைப்பையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். அவருக்கு வயிறு உண்மையிலேயே நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து இந்த இரைப்பையை நினைக்கும்போதெல்லாம் படைத்தவனை நோக்கிக் கைகூப்பத் தோன்றுகிறது. விருந்துச் சோற்றுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் விரிந்து கொடுக்கும் பை அது. ஸ்லீவ் என்னும் அறுவையில் அதில் முக்கால் பங்கை, சமயத்தில் அதற்கும் மேலே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் ஒரு குழாய்; டீக்கடைக் கண்ணாடி டம்ளர் அளவு. அதை வைத்துக்கொண்டும் உடல் வாழ்ந்து காட்டுகிறது.

அளவு குறைந்ததால் மட்டும் பசி அடங்கிவிடவில்லை. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையிலிருந்தே புறப்படும் ஒரு சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். கிரெலின் என்று பெயர். பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்லி அனுப்புவது அதுதான். அது அதிகம் ஊறும் இடம் இரைப்பையின் மேல்பகுதி. ஸ்லீவ் அறுவையில் போவதும் அதே பகுதி. சோற்றுப் பை என்று நாம் நினைத்திருந்த இடத்தில் மூளையோடு ஓயாமல் பேசும் ஓர் உறுப்பு இருந்திருக்கிறது!

குடலின் கதை இன்னும் பெரிது. கேஸ்ட்ரிக் பைபாஸ் என்னும் இன்னொரு அறுவையில் இரைப்பையின் சிறு மேல்துண்டைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். உணவு குடலின் அடிப்பகுதிக்குச் சீக்கிரம் வந்து சேர, அங்கிருக்கும் செல்கள் இன்சுலினைத் தூண்டும் சுரப்பை மிகுதியாக விடுகின்றன. எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே, பலருக்கு ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. அமெரிக்க மருத்துவர் வால்டர் போரிஸ் 1995இல் இதை எழுதியபோது, அறுவை செய்துகொண்ட 146 சர்க்கரை நோயாளிகளில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலையில் நின்றதைக் காட்டினார்.

இந்தச் சிறிய பைக்கு ஏற்றபடி சாப்பாட்டையும் புதிதாகப் பழக வேண்டும். முதலில் தெளிந்த ரசம், வடித்த பருப்புத் தண்ணீர். பிறகு மோர், பால். அடுத்து குழைய வெந்த பாசிப்பருப்பு, மசித்த முட்டை. வாரங்கள் கடந்துதான் நம் வழக்கமான சாப்பாடு. எப்போது எதற்கு மாறுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. அதனால் தட்டில் முட்டை, மீன், பயறு முதலில்; காய் அடுத்து; சோறு கடைசி. நம் செம்மண்ணில் விளையும் நிலக்கடலை நூறு கிராமில் 25 கிராம் புரதம்! ஆனால் முழுக்கடலை ஆரம்ப மாதங்களில் ஆகாது. பிறகும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். இரைப்பையின் கீழ்வாசல் திட உணவை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைத்த பிறகே குடலுக்குள் விடும். அப்படி ஒரு காவலை அங்கே வைத்தவன் யார்! பைபாஸில் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவதால், ஜிலேபியோ சர்க்கரைத் தண்ணீரோ குடலில் மொத்தமாக இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் வரலாம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் பொறுக்கச் சொல்வார்கள். முறுக்கும் கலர் சோடாவும் சுலபமாக நழுவிப் போகும்; குறைந்த எடை திரும்புவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

வெட்டப்பட்ட பகுதி செய்துவந்த இன்னொரு வேலை என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. இரைப்பையில் அமிலம் சுரக்கும் அதே செல்கள் ஒரு புரதத்தையும் தருகின்றன. அது வைட்டமின் பி12ஐப் பிடித்துக்கொண்டு, பல அடி நீளச் சிறுகுடலைக் கடந்து, அதன் கடைசிப் பகுதியில் கொண்டுபோய் ஒப்படைக்கிறது. அறுவைக்குப் பின் இந்தத் துணை குறைந்துவிடும். கல்லீரலோ ஆண்டுக்கணக்குக்குத் தேவையான பி12ஐச் சேமித்து வைத்திருப்பதால் குறை உடனே தெரியாது; கைகால் மரத்துப்போகும்போதுதான் தெரியவரும். ஆகவே பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் ஆயுள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எடை குறைந்துவிட்டதே என்று இதை நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

மூன்றாம் மாத வாக்கில் பலருக்கு முடி கொத்தாக உதிரும். பெண்கள் இதற்குத்தான் அதிகம் அழுகிறார்கள். எடை வேகமாக இறங்கும் அதிர்ச்சியில் உடல் முடி வளர்வதை நிறுத்திவைத்து, வரும் கொஞ்சத்தை இதயத்துக்கும் மூளைக்கும் கொடுக்கிறது. வேர் சாவதில்லை. புரதமும் இரும்பும் ஒழுங்காகக் கிடைத்தால், சில மாதங்களில் உதிர்வது நின்று, வகிட்டின் ஓரத்தில் குட்டை முடி எழும்பத் தொடங்கும்.