நிலம் தொட்ட காற்று

ஆகாய விமானங்களின் மாதிரிகளைப் பரிசோதிக்க எழுந்த காற்றுச் சுரங்கங்களில், விசிறி தள்ளும் காற்று கொந்தளிப்பின்றி எங்கும் ஒரே வேகத்தோடு ஓடவேண்டும் என்பதற்காகவே விஞ்ஞானிகள் எத்தனையோ பிரயத்தனங்கள் செய்தார்கள்; ஆனால் வீட்டின்மீதும் கோபுரத்தின்மீதும் மோதுகிற காற்று அத்தகைய நிர்மலமான காற்று அன்று. மரமும் மேடும் கூரையும் தடுப்பதால், அது தரையருகே மந்தமாகவும், உயரப் போகப் போக வேகமாகவும், சுழல் சுழலாகப் புரண்டும் வருகிறது.

காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பதற்காகக் கட்டடத்தை மட்டும் சிறிதாக்கினால் போதாது, அது நிற்கும் நிலத்தின் கரடுமுரடையும் அதே விகிதத்தில் சிறிதாக்கவேண்டும் என்று டென்மார்க் தேசத்து மார்ட்டின் ஜென்சன் 1958-இல் நிரூபித்தார். இத்துறையின் ஜீவநாடியே இந்த விதிதான் என்பேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆலன் டாவன்போர்ட் 1965-இல் நிறுவிய சுரங்கம், நிலம் தொட்ட காற்றை இவ்விதம் உண்டாக்கும் சுரங்கங்களுள் பேர்போனது. இத்தகைய சுரங்கங்களின் முகப்பில் கூம்பிய பலகைகள் நின்று பெரிய சுழல்களை எழுப்ப, அப்பால் நெடுந்தூரம் தரையில் வரிசை வரிசையாகப் பரப்பிய மரக்கட்டைகளை உராய்ந்து உராய்ந்தே காற்று நிலத்தின் சுபாவத்தைப் பெறுகிறது. கட்டைகளை நெருக்கி உயர்த்தினால் நகரத்துக் காற்று; எடுத்துவிட்டால் கடற்காற்று. 400 மீட்டர்க் கோபுரம் இங்கே 1 மீட்டர் உயரத்தில், சுழலும் வட்டமேடையொன்றில் நிற்கும்.

காற்று சரியாக அமைந்ததா என்று சோதிப்பது, தலைமயிரைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி ஒன்று. மின்சாரத்தால் சூடேறிய அக்கம்பியைச் சுழல் தீண்டினால் அது குளிர்கிறது. பழைய சூட்டிலேயே அதை நிறுத்த எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை காற்றின் வேகத்தை அறிகிறார்கள்.

வட்டமேடையில் அண்டைக் கட்டடங்களின் மாதிரிகளையும் தவறாது வைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தில், 114 மீட்டர் உயரமுள்ள எட்டுக் குளிர்விக்கும் கோபுரங்களுள் மூன்று 1965 நவம்பர் 1-ஆம் தேதிப் புயலில் இடிந்து வீழ்ந்தன. வடிவமைத்தபோது காற்றின் பலத்தைக் குறைவாக மதிப்பிட்டது ஒரு காரணம். ஆயினும் வீழ்ந்த மூன்றும், புயலை நேரே எதிர்கொண்ட முன்வரிசையில் நின்றவை அல்ல. முன்வரிசைக் கோபுரங்களைக் கடந்து குழம்பிக் கொந்தளித்து வந்த காற்றில் அகப்பட்ட பின்வரிசைக் கோபுரங்களே.