பூம்புகார்க் கப்பற் கழகமும் நம் மின்சாரமும்

கன்னியாகுமரிக்கு யாத்திரை சென்று வந்த நம் அங்கத்தினர்களில் பலர் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகில் ஏறியிருப்பர். 1984-ம் ஆண்டு முதல் அப்படகுகளை ஓட்டிவரும் ஸ்தாபனம் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகமாகும். கைவினைப் பொருள்களை விற்கும் ‘பூம்புகார்’ கடைகளோடு இதனைச் சேர்த்து எண்ணுவோரும் உளர். அது வேறு, இது வேறு. இரண்டும் அரசுக்குச் சொந்தமானவை, காவிரி கடலொடு கலக்குமிடத்தில் இருந்த சோழர் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியவை, அவ்வளவே பொருத்தம். படகு விடுவதும் இக்கழகத்தின் பிரதான தொழிலன்று. நிலக்கரி சுமப்பதே அதன் தொழில்.

1974-ம் ஆண்டில் தமிழக அரசு இக்கழகத்தை நிறுவியது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டே தவிர, நம் அனல் மின் நிலையங்கள் கேட்கும் கரி தமிழ்நாட்டு மண்ணில் வெட்டி எடுக்கப்படுவதில்லை. அது வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரவேண்டும். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலிலேயே கொணர்வதாயின் வழி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அதே கரியைச் சுமார் 200 கிலோமீட்டர் மட்டும் ரயிலில் ஏற்றிப் பாரதீப் துறைமுகத்தில் இறக்கிவிட்டால், எஞ்சிய தூரத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

அளவினைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 700 கிராம் எரிகிறது. 210 மெகாவாட் திறனுள்ள ஒரு பிரிவு இரவு பகலாக முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 3,500 டன் வேண்டும். தூத்துக்குடியில் 1979 முதல் 1992 வரை இத்தகைய ஐந்து பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஐந்தும் ஓடும் நாளில் பதினேழாயிரம் டன்னுக்கு மேல் சாம்பலாகும். ஒரு சரக்கு ரயில் கொணர்வது நாலாயிரம் டன் அளவே. ஐம்பதாயிரம் டன் கொள்ளும் ஒரு கப்பலோ மூன்று நாள் தேவையை ஒரே நடையில் கொணர்ந்து சேர்க்கிறது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. இக்கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்கு வரை சாம்பல். நூறு மூட்டை நெல்லுக்கு வண்டிக் கூலி கொடுத்து, அவிழ்த்துப் பார்த்தால் முப்பத்தைந்து மூட்டை பதர் என்றால் நம் விவசாயி என்ன சொல்வார்? அந்தப் பதருக்கும் சேர்த்தே கப்பற் கூலி கொடுக்கப்படுகிறது.

வழியும் நேர்வழியன்று. பாக் நீரிணையில் ஆழம் போதாமையால், பாரதீப்பிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பெருங் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். ஹால்தியாவில் ஹூக்ளி நதி வண்டலால் மேடிட்டிருப்பதால், பெரிய கப்பல் முழுச் சுமையோடு வெளியேற இயலாது. சென்னைத் துறைமுகத்தில் கரித்தூள் பறந்த தொல்லை, 2011-ம் ஆண்டு உயர்நீதிமன்ற ஆணைக்குப் பின் எண்ணூருக்கு இடம் பெயர்ந்தது. மேட்டூருக்குக் கடல் இல்லை. கரையிறங்கிய கரி மீண்டும் ரயிலேறுகிறது. துறைமுகத்தில் இடம் கிட்டாமல் கப்பல் காத்து நின்றாலோ, நின்ற நாளுக்கெல்லாம் செலவு ஏறிக்கொண்டே போகும்.

இச்செலவு நமக்கு ஏன்? மின் இறவைப் பம்புகளுக்கு 1990-ம் ஆண்டு முதல் கட்டணமில்லை. விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் குறிப்பிட்ட யூனிட்டுகள் வரை இலவசம். கட்டணமில்லை என்பதால் விலையில்லை என்றாகாது. அவ்விலையை அரசு பொதுப் பணத்திலிருந்து மானியமாக மின்சார நிறுவனத்திற்குச் செலுத்துகிறது. கரியின் விலையோடு கப்பற் கூலியும் அதற்குள் அடக்கம்.

நிற்க. 1980-களின் நடுப்பகுதியில் இக்கழகம் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் எனச் சொந்தக் கப்பல்கள் மூன்றைப் பெற்றது. அவை இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, மூப்பெய்தி, விலக்கப்பட்டன. பின்னர்க் கழகம் பிறர் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தியே தொழில் நடத்தலாயிற்று.

சொந்தமா, வாடகையா என்ற வினா சங்கக் கணக்குகளைப் பார்ப்பவனுக்குப் பழகிய வினாவே. சொந்தக் கிடங்கு கட்டினால் கடனும் வட்டியும் பழுதுபார்க்கும் செலவும். வாடகைக் கிடங்கில் இருந்தால், அறுவடைக் காலத்தில் உடையவன் சொன்னதே விலை. கப்பல் சந்தையில் இந்த ஏற்ற இறக்கம் நாம் கண்டறியாத வேகமுடையது. மொத்தச் சரக்குக் கப்பல்களின் கூலியை அளந்து காட்டும் பால்டிக் குறியீட்டு எண் 2008 மே மாதத்தில் 11,793 வரை ஏறிற்று. அதே ஆண்டு டிசம்பரில் 663-க்கு வீழ்ந்தது. உச்சத்தில் வாடகை பேசியவன் கதியையும், வீழ்ச்சியில் சொந்தக் கப்பலுக்கு வட்டி கட்டியவன் கதியையும் எண்ணிப் பார்க்கலாம்.

தூத்துக்குடியிலேயே இதற்கொரு முன்கதை உண்டு. வ. உ. சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது பங்கின் விலை 25 ரூபாய். போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. வழக்கும் சிறையும் சேர்ந்து நெருக்க, 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைந்தது. கூலிச் சண்டையில் தாங்கி நிற்கும் முதல் அதனிடம் இல்லை. அரசின் கழகத்திற்கு அந்த இடர் இல்லை. அதன் வாடிக்கையாளரும் அரசின் மின் நிறுவனமே. ஆயின் ஒரே வாடிக்கையாளரை நம்பும் நிலையின் கஷ்டத்தை நம் நெசவாளர் சங்கங்களுக்குச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

வாடகையின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழி முதலிய இடங்களின் காற்றாலைகள் மின்சாரத்தைப் பொழிகின்றன; கரியின் தேவை தணிகிறது. அக்காலத்தில் சொந்தக் கப்பல் வேலையின்றி நங்கூரமிட்டிருந்தால் நட்டம் கழகத்திற்கே. எனினும், காற்று எவ்வளவு வீசினும் அனல் நிலையங்களுக்கு வேண்டிய குறைந்த அளவு ஒன்று உண்டு. அந்த அளவைச் சுமக்கச் சொந்தக் கப்பலும், அதற்கு மேற்பட்டதற்கு மட்டும் வாடகைக் கப்பலும் என்றிருத்தலே என் மதிப்பீட்டில் சரியான ஏற்பாடு. சந்தை தாழ்ந்திருக்கும் ஆண்டில் கப்பலின் விலையும் தாழ்ந்திருக்கும். வாங்குவதற்குரிய காலம் அதுவே.