ஹோண்டுராஸ் வீட்டில் ஒரு தகரக் குதிர்

மழை பொய்த்தால் பசி வரும் என்பது தெரிந்ததே. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராசில், நன்றாக விளைந்த ஆண்டிலும் மலைச்சரிவுக் குடியானவர் வீட்டில் ஜூன், ஜூலையில் மக்காச்சோளம் தீர்ந்துவிடுவதுண்டு. பெரிய காரணம், வண்டு. சாக்கில் வைத்த தானியத்தை அது துளைத்து மாவாக்கிவிடுமே என்ற பயத்தில் அறுத்த கையோடு வந்த விலைக்கு விற்கிறார்கள். பிறகு அதையே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆகவே, நிவாரண மூட்டைக்கு முன்னால் நல்ல குதிர் வேண்டும். 1980களில் சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு அங்கே தொடங்கிய திட்டம், உள்ளூரில் தகர வேலை செய்பவர்களைப் பழக்கி, காற்றுப் புகாத உருளைக் குதிர்களைச் செய்யவைத்தது. ஈரத் தானியத்தைக் கொட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி மணியோடு உப்பைப் போட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். உப்பு ஓரத்தில் ஒட்டினால் இன்னும் காயவேண்டும்.

விளைச்சலே இல்லாத ஆண்டில் குதிர் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், அப்போது உணவுதவி வேண்டும். ஆனால் எல்லா ஆண்டும் வறட்சி ஆண்டல்ல. மெய்யான தடை குதிரின் விலைதான்: சொந்த நிலமில்லாத குத்தகைக்காரருக்குத் தவணையில் கடன் கிடைத்தால்தான் இது ஏழை வீடுவரை போகும்.