தோட்டத்து உணவும் புரதச் சத்தும்

மாமிசம் உண்ணாதவனுக்கு உடலில் வலிமை எங்கிருந்து வரும் என்பது ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் பேச்சாகும். கேட்பவரும் ஒரு பெருமூச்சோடு அதனை ஆமோதித்துவிடுவர். பதுளை, பசறை, நமுனுகுலை, அப்புத்தளைப் பகுதிகளின் லயங்களில் சம்பள நாளிலோ தீபாவளித் திருநாளிலோதான் இறைச்சி வேகும். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் விழா முடியும்வரையும் மரக்கறி. எஞ்சிய நாட்களிலும் ஒரு துண்டுக் கருவாடு குடும்பம் முழுவதற்கும் மணம் கொடுப்பதோடு சரி. ஆகவே விரதத்தினாலாயினும் வறுமையினாலாயினும் தோட்டத்து மக்கள் ஆண்டின் பெரும்பகுதியைத் தாவர உணவைக் கொண்டே கழிக்கின்றனர். அவ்வுணவு உடலுக்குப் போதுமா என்பது அவர்களைப் பொறுத்தவரை ஏட்டுக் கேள்வியன்று.

போதும் என்பதே விடை. ஆனால் இன்று பல வீடுகளில் உண்ணப்படும் முறையில் அது போதாது. குறைவது இறைச்சி என்று எண்ணுவதில்தான் தவறு இருக்கிறது. உண்மையிற் குறைவது பருப்பும் பயறும்.

தசை, இரத்தம், தோல், மயிர் ஆகிய யாவும் புரதத்தினால் ஆயவை. புரதங்களோ அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளின் கோவைகள். இக்கூறுகள் இருபதில் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அவை உணவிலிருந்தே வரவேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரின் பெட்டியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மற்ற எழுத்துக்களெல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தாலும் 'க' என்னும் எழுத்துத் தீர்ந்துவிட்டால் வேலை அவ்விடத்திலேயே நின்றுவிடும். கோதுமையிலும் அரிசியிலும் அவ்வாறு முதலிலே தீர்ந்துபோகும் எழுத்து லைசின் என்பதாகும். பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. அவற்றிற் குறைவுபடும் மெத்தியோனைன் தானியங்களில் வேண்டிய அளவு உண்டு. சோற்றுக்குப் பருப்பு, இட்டலிக்கு உளுந்து, பொங்கலுக்குப் பாசிப்பயறு என்று சேர்த்து வைத்த முன்னோர் இந்தப் பெயர்களை அறியார். ஆயினும் சேர்க்கை சரியாகவே அமைந்துவிட்டது. இரண்டையும் ஒரே இலையில் ஒரே வேளையில் உண்ணவேண்டும் என்று முன்பு வற்புறுத்தப்பட்டதுண்டு. ஒரு நாளைக்குள் இரண்டும் வயிற்றுக்குள் சென்றாற் போதும் என்பதே இன்றைய கருத்து.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவளுடைய எடை 45 கிலோகிராம் எனக் கொள்வோம். உலக சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்த அமைப்புகளும் 2007 இல் வெளியிட்ட அளவின்படி எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அவளுக்கு ஏறக்குறைய 37 கிராம். காலையிலும் பகலிலும் அவள் உண்ணும் ரொட்டிக்கு 200 கிராம் கோதுமை மா செல்கிறது. அதிலே சுமார் 21 கிராம் புரதம். இரவுச் சோற்றுக்கு 150 கிராம் அரிசி. அதிலே 10 கிராம். சம்பலுக்குத் திருவிய தேங்காயில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 32 கிராம். ஐந்து கிராம்தானே குறைகிறது என்று தோன்றும். லைசினை எடுத்து நோக்கினால் நிலைமை வேறு. அவளுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1350 மில்லிகிராம். ரொட்டியும் சோறும் சேர்ந்து தருவது 850 மில்லிகிராம் அளவே. இவ்வுணவோடு 50 கிராம் மைசூர்ப் பருப்பு, அதாவது ஒரு கை நிறைந்த பருப்பு, சேருமாயின் புரதம் 44 கிராமாக உயர்கிறது. லைசினும் தேவைக்கு மேலாகவே வந்துவிடுகிறது. இறைச்சியின் துணையின்றி ஒரு கைப்பிடியில் முடிகிற காரியம் இது.

ஆனால் அந்தக் கைப்பிடி அவள் கோப்பைக்கு வந்து சேர்கிறதா? ஐந்து பேருக்கு 100 கிராம் பருப்பை வேகவைத்து, நீர் விட்டுப் பெருக்கித் தாளித்தால் குழம்பு மஞ்சளாகத்தான் இருக்கும். பங்கிட்டால் ஒருவருக்கு 20 கிராம் பருப்பு; 5 கிராம் புரதம். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அடியிலிருந்து அள்ளிப் போட்டபின் கடைசியாக உட்காரும் தாய்க்கு மேலே நிற்கும் நீரே மிச்சம்.

தோட்டத்து மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தபோது துவரையும் கொள்ளும் மொச்சையும் கேழ்வரகும் அறிந்தவர்களாகவே வந்தனர். மலையிலே விதைக்கச் சொந்த நிலமில்லை. தோட்ட நிர்வாகம் கொடுத்த அரிசியே உணவின் நடுவாயிற்று. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டிலே கோதுமை மா இடம்பெற்றது. விரைவிற் சுடலாம், துணியிற் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்லலாம், பல மணிநேரம் பசி தாங்கும். இந்த வசதிகளாலே ரொட்டி நிலைத்துவிட்டது. ரொட்டியைக் குறைகூறுவதற்கில்லை, துணையின்றித் தனியே நிற்பதுதான் அதன் குறை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு இந்நாட்டில் வேறெவரையும்விடத் தோட்டத்து மக்களையே கொடுமையாக வாட்டியது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் உணவுப் பொருட்களின் விலை ஓராண்டில் நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேல் ஏறியபோது, முற்றிலும் வெளிநாட்டிலிருந்து வரும் மைசூர்ப் பருப்பு எட்டாத பொருளாயிற்று.

இதன் விளைவு குழந்தைகளின் உயரத்திலே எழுதப்பட்டிருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 வீதம், தோட்டப் பகுதிகளில் 31.7 வீதம். இதற்குப் புரதக் குறைவு ஒன்றே காரணமன்று. தாயின் மெலிவு, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், தூய நீரின்மை யாவும் சேர்ந்தே குழந்தையைக் குறுக்குகின்றன. 1933 இல் மேற்கு ஆபிரிக்காவிலே சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், தாய்ப்பால் மறந்து மாக்கஞ்சியை மட்டுமே உண்ட குழந்தைகளிடம் கண்ட வீக்க நோயை விவரித்து எழுதினார். 'குவாஷியோர்க்கர்' என்று அவ்வூரார் வழங்கிய பெயருக்கு, அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது பொருளாம். பெயரே நோயின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அதன்பின் சில காலம் உலகத்து அறிஞர் பலர் புரதம் ஒன்றையே பேசினர்; வயிறு நிறையாத குழந்தைக்குப் புரதம் மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பது பின்னரே நன்கு உணரப்பட்டது. அடுப்பெரிக்க விறகில்லாத வீட்டில் கூரை மரத்தை உடைத்து எரிப்பதுபோல, பசித்த உடல் புரதத்தையே எரித்துவிடும். ஆகவே குழந்தையின் பருப்புச் சோற்றிலே ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் வேண்டும்.

குழந்தைக்குப் 'பருப்புத் தண்ணீர்' கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். சத்தெல்லாம் நீரில் இறங்கிவிட்டது என்ற நம்பிக்கையில் தெளிவை வடித்து ஊட்டுவர். புரதம் அடியிலே தங்கிய பருப்பில் இருக்கிறது! ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குச் சோற்றையும் பருப்பையும் சேர்த்துக் குழைய மசித்து, கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் ஊட்டவேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரால் பருப்பையும் பயற்றையும் விலக்குவதும் இத்தகையதே. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் புரதம் மேலதிகமாக வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 19 கிராம். உண்ணவேண்டிய காலத்திலே விலக்கு விதிப்பது எந்த நியாயமோ தெரியவில்லை. வாயுவுக்கு அஞ்சுவோர் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, உள்ளியும் இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துச் சமைக்கலாம்.

மைசூர்ப் பருப்பை மட்டும் நம்பியிருக்கவேண்டியதில்லை. ஊவா மாகாணத்தின் மற்றொரு மாவட்டமாகிய மொனராகலை கௌப்பி, பாசிப்பயறு, நிலக்கடலை, சோளம் விளையும் வறண்ட பூமி. நூறு கிராம் கௌப்பியிலும் பாசிப்பயற்றிலும் 23, 24 கிராம் புரதம் உண்டு. பருப்புக்கு அவை சற்றும் இளைத்தவையல்ல. சோயா அவரையில் 36 கிராமுக்குக் குறையாது. கடைகளில் உலர்ந்த துண்டுகளாக விற்கும் சோயா மீற் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம் கிடைக்கும். குழம்பிலே இறைச்சியின் இடத்தை அது ஓரளவு நிரப்புவதால் பிள்ளைகளும் மறுப்பதில்லை. ரொட்டிக்குப் பிசையும் மாவில் ஐந்தில் ஒரு பங்கு கடலை மாவாக இருந்தால் ரொட்டியின் தனிமை தீர்ந்துவிடும். லயத்தின் பின்புறத்தில் ஒரு கொடிக்கு இடமிருந்தால் சிறகவரை படரும். அதன் முற்றிய விதை புரதத்தில் சோயாவுக்கு நெருங்கியது. கீரைகள் மிக நல்லவை. ஆனால் புரதத்துக்காக அவற்றை நம்புதல் கூடாது.

1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவும் சோளமும் சோயாவும் கலந்த மாவே. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உரியது அது. வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்குமாக உருண்டை பிடித்துவிட்டால் உரியவருக்குக் கிடைப்பது ஓர் உருண்டைதான். மாடு வளர்க்கும் வீடுகளிலும் இப்படியொரு நிலைமை உண்டு. விடியற்காலையில் கறக்கும் பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குச் சென்றுவிட, அவ்வீட்டுப் பிள்ளை வெறுந் தேநீரோடு பள்ளிக்குப் புறப்படும். பால் காசு அவசியமே. ஒரு குவளையை நிறுத்திக்கொண்டால் பெருநட்டம் வந்துவிடாது. மீனும் முட்டையும் அறவே உண்ணாத வீட்டில் பாலும் தயிரும் இன்னொரு வகையிலும் வேண்டும்; பி12 என்னும் உயிர்ச்சத்துத் தாவர உணவிற் கிடைப்பதில்லை.

கடலையும் கௌப்பியும் வேகுவதில்லை, விறகு தீர்ந்துவிடுகிறது என்று தாய்மார் கூறுவது சோம்பலினாலன்று. ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் நீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது; அதற்கு மேல் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பானையில் வெப்பம் ஏறாது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டியவள் விரைவில் வேகும் மைசூர்ப் பருப்பையே நாடுவது இயல்பு. இரவு படுக்குமுன் பயற்றை ஊறவைத்து, மூடி இறுகிய பாத்திரத்தில் மறுநாள் மாலை வேகவைத்தால் பாதி விறகு மிஞ்சும். முளைகட்டிய பாசிப்பயறு அதனினும் விரைவில் வெந்துவிடும். மென்மைக்காக அப்பச்சோடா இடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது பி1 உயிர்ச்சத்தைக் கெடுத்துவிடும்.

இனித் தேநீர். பருப்பும் பயறும் புரதத்தோடு இரும்புச் சத்தையும் கொண்டுவருகின்றன. இரத்தச் சோகை மலிந்த தோட்டங்களுக்கு அது மிக வேண்டியது. உணவோடு கூடவே குடிக்கும் சாயத் தேநீர் அவ்விரும்பின் பெரும்பகுதியை உடலிற் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. தேயிலை பறிப்பவர்களிடம் தேநீரை நிறுத்தச் சொல்வது நடவாத காரியம். உண்டபின் ஒரு மணிநேரம் கழித்துக் குடித்தாற் போதும்; பயற்றின்மேல் சில துளி தேசிக்காய்ச் சாறு பிழிந்துகொண்டால் இன்னும் நன்று.